ஸ்டோர்க் கதவைப் பூட்டச் சொன்னது நான்தான்

அந்தப் பிற்பகலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இன்றைக்கும் என் குரல் தானாக உயர்ந்துவிடும். "அம்மா தொடங்கிட்டா" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பெரிய மலிவு விலைக் கடைகளில் மேற்பார்வைக்கென்று புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள்தான் இதைக் கேட்கவேண்டியவர்கள். பொருள் அடுக்குவதையும் இருப்புப் பார்ப்பதையும் கம்பனியே உங்களுக்குப் பழக்கிவிடும். நாற்பது பேரைக் கடைக்குள் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்குள் முடிவெடுக்க வேண்டிவந்தால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த கையோடு கொழும்பிலிருந்து எங்கள் கம்பனி கல்முனைக்கு வந்தது. மெயின் வீதியில் மூன்று மாடி. உள்ளே காலெடுத்து வைத்தால் குளிர். ஊசியிலிருந்து அலுமாரி வரை எல்லாமே மற்றக் கடைகளைவிட மலிவு. திறப்பு விழா அன்று சனம் நெருக்கிய நெருக்கில் கண்ணாடிக் கதவொன்று பிணைச்சலோடு கழன்றுபோனது!

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அதற்கு முன் ஒரு சின்னப் புடவைக்கடையில் பதினைந்து வருஷம் வேலை செய்தவள். சுனாமியாகக் கடல் வந்த அன்று அந்தக் கடையும் போனது, முதலாளியும் போனார், என் ஒரே தங்கச்சியும் போனாள். பிறகு கொஞ்சக் காலம் வீட்டிலிருந்து தையல். அப்படி இருந்தவளைக் கூப்பிட்டு, நெஞ்சில் பெயர்ப்பட்டி குத்தி, "நீங்கள் மேற்பார்வையாளர்" என்றார்கள். பிள்ளைகள் என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள். தலைகால் தெரியவில்லை எனக்கு.

எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் அநேகமாகப் பெண்பிள்ளைகள். பாதிப்பேர் சாய்ந்தமருதுப் பக்கம் சுனாமி வீட்டுத் திட்டங்களிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் வீரமுனை, இறக்காமம் பகுதி வயல்காரரின் மகள்மார். அவர்களுக்குக் கம்பனி வைத்திருந்த சட்டங்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வேலை நேரத்தில் உட்காரக்கூடாது. காலையில் வந்ததும் கைத்தொலைபேசியைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கழிப்பறைக்கு நாளுக்கு இரண்டு தரம். மாலையில் பையையும் உடம்பையும் சோதித்த பிறகுதான் வெளியே விடுவது. உடம்பைச் சோதிக்கிற வேலை என்னுடையது. சோதித்தேன். வெட்கமாக இருக்கவில்லை. அதுதான் ஒழுங்கு என்று நினைத்தேன்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். சாமான் இறக்கி வைக்கிற பின்பக்க ஸ்டோரில் சின்னச் சாமான்கள் குறைந்துகொண்டே வந்தன. தலைக் கிளிப்பு, குழந்தைச் சவர்க்காரம் இப்படி. கொழும்பிலிருந்து முகாமையாளருக்கு ஏச்சு. அவர் கண்டிப் பக்கத்து இளம் ஆள், கெட்டவரல்ல, வேலை போய்விடுமென்ற பயத்திலேயே திரிந்தவர். "மிஸ், ஏதாவது ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

நான் வழி சொன்னேன். ஸ்டோருக்கு இரண்டு கதவுகள். பின் சந்துக்குத் திறக்கிற கதவை ஏற்கெனவே வெல்டிங் செய்து அடைத்திருந்தார்கள். கடைக்குள் திறக்கிற கதவையும், பிள்ளைகள் உள்ளே விலை ஒட்டுகிற நேரத்தில் வெளியே பூட்டிவிடலாம் என்றேன். சாவி முகாமையாளரிடம் இருக்கட்டும். பூட்டு நம்முடைய கடைப் பூட்டாக இருக்கக்கூடாது, அது இழுத்தால் வந்துவிடும், ஹாட்வெயார் கடையில் நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்றும் நானே சொன்னேன். ஒரு வாரத்தில் கொழும்பிலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினேன்.

பிள்ளைகளிடம் மட்டும் வேறு கதை சொன்னேன். "கொழும்பு ஓடர், நான் என்ன செய்யிற?" என்றேன். ஸரீனா என்று ஒருத்தி. இருபத்துநாலு வயது. கடல் வந்த அன்று உம்மாவையும் இரண்டு தம்பிமாரையும் ஒரேயடியாகப் பறிகொடுத்தவள். அவள்தான் வாய் திறந்தாள்.

"நாங்க என்ன கோழியா மிஸ், கூட்டுக்குள்ள அடைக்கிறதுக்கு?"

"ஒரு மணித்தியாலம்தானே புள்ள."

"ஏதும் அவசரம் எண்டா?"

"கதவத் தட்டு. நான் வருவன்."

தட்டினால் வருவேன் என்றேனே தவிர, வந்து என்ன செய்வேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சாவி என்னிடமில்லையே!

அடுத்த வருஷம், சித்திரை வருஷப் பிறப்புக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். கடையில் மலிவு விற்பனை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் சனம் குறையவில்லை. காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். முகாமையாளர் ஒரு கூட்டத்துக்கென்று அம்பாறைக்குப் போயிருந்தார். போகிற அவசரத்தில் ஸ்டோரைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஸரீனாவோடு சேர்த்து ஏழு பேர்.

முதலில் மேல்தட்டில் தொங்கிய பிள்ளைச் சட்டைகள் ஆடின. காற்று இல்லை. மின்விசிறியும் அந்தப் பக்கம் இல்லை. எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்துச் சுவரைப் பிடித்தேன். சுவரும் மெல்ல அசைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வீதியிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்று கத்தினார்:

"கடல் வருதாம்! எல்லாரும் ஓடுங்க! கடல் வருதாம்!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் யாரும் "உண்மையா?" என்று கேட்பதில்லை. கையிலிருந்த பொருளை அப்படியே போட்டுவிட்டுச் சனம் பாய்ந்தது. பொலிஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு போனது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் மேற்குப் பக்கமாகப் போகச் சொன்னார்கள். எங்கள் கடைக்கும் கடலுக்கும் நடந்து போகிற தூரம்தான். வீதி முழுக்க மோட்டார் சைக்கிள்கள், ஒன்றில் நாலு பேர், ஐந்து பேர். எல்லாம் வயல் பக்கம் பார்த்து.

முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்லவேளை, எடுத்தார்.

"சேர், சுனாமி எச்சரிக்கை! ஸ்டோர்ச் சாவி!"

"சாவி எனக்கிட்ட மிஸ்... நான் அம்பாறையில... ஷட்டரப் போடுங்க. ஸ்டாஃப உள்ளுக்கே வைங்க. நான் கொழும்பக் கேட்டிட்டுச் சொல்றன்."

தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை தரம் அழுத்தியும் போகவில்லை.

கேட்டீர்களா? ஷட்டரைப் போடு, ஆட்களை உள்ளே வை. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கம்பனி எழுதி வைத்திருந்ததைச் சொன்னார். என் முன்னே காசாளர்ப் பிள்ளைகள், துணிப்பகுதிப் பிள்ளைகள், எல்லாரும் என் வாயைப் பார்த்தபடி நிற்கிறார்கள். இவ்வளவு நடந்தும் ஒருத்தியும் வெளியே ஓடவில்லை. நாங்கள் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தோம். அதுதான் என்னைக் கலக்கியது.

"போங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் போங்க! ஃபோன் பெட்டியத் திறந்து எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

வாசலில் காவலாளி கணேசன் நின்றான். திருக்கோவில் ஆள். கையைக் குறுக்கே நீட்டியபடி, "பேக் செக் பண்ணாம விடவா மிஸ்?" என்றான். பழக்கம்! என் வாழ்நாளில் நான் போட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான்: "விடு கணேசன்!" கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டான்.

ஸ்டோர்க் கதவு உள்ளிருந்து அதிர்ந்துகொண்டிருந்தது. ஏழு பேரும் தட்டுகிறார்கள். நான் சுத்தியல் இருந்த தட்டுக்கு ஓடினேன். எங்கள் கடைச் சுத்தியல், மலிவு விற்பனையில் இன்னும் மலிவு. முதல் அடியில் பூட்டில் ஒரு கீறல். இரண்டாவது அடியில் சுத்தியலின் தலை கழன்று என் காதோரமாகப் பறந்தது! இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். பூட்டு மட்டும் நான் கேட்டு வாங்கிய நல்ல பூட்டு. அசையவில்லை.

"கணேசன், ரோட்டுல யாரையாவது மறி!"

அவன் ஓடினான். நான் கதவில் வாயை வைத்தேன்.

"ஸரீனா! நான் நிக்கிறன். சாவி இல்ல. உடைக்கிறம்."

உள்ளே ஒருத்தி ஓவென்று அழுதாள். ஸரீனா அவளை அதட்டுவது கேட்டது. பிறகு கதவுக்குப் பக்கத்தில் அவள் குரல்.

"மிஸ், கடல் எவடத்த வந்திரிக்கி?"

"தெரியா புள்ள. இன்னும் வரல்ல."

"நீங்க போங்க மிஸ்."

"விசர்க் கதை கதைக்காத."

"ஒங்களுக்கும் புள்ளைகள் இரிக்கி. கொழும்புல இரிக்கிறவனுக்குக் கடலப்பத்தி என்ன தெரியும்? ஒங்கள்ல ஒரு பிழையும் இல்ல. போங்க."

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையிலிருந்த வெறும் சுத்தியல் பிடியால் பூட்டை அடித்துக்கொண்டேயிருந்தேன்.

வெளியே கணேசன் வீதியின் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றானாம். மோட்டார் சைக்கிள்கள் அவனைச் சுற்றிப் போயின. வான் ஒன்று அவன் தோளில் உரசிவிட்டுப் போனது. கடைசியில் ஓர் உழவு மெஷின், பெட்டி பூட்டிய டிராக்டர், நின்றது. பெட்டி நிறையச் சனம். ஓட்டியவர் இறக்காமத்து ஆள், கட்டட வேலைக்கு மண் ஏற்றி வந்தவர்.

"எத்தின பேர் உள்ளுக்க?"

"ஏழு பேர். பொம்புளப் புள்ளைகள்."

அவர் பெட்டியிலிருந்த சனத்தைப் பார்த்து, "இறங்கி ஓட ஏலுமானவங்க ஓடுங்க, நான் இப்ப வாறன்" என்று சொல்லிவிட்டு, கால்களுக்கிடையில் கிடந்த, மண் கிண்டுகிற இரும்பு அலவாங்கை உருவிக்கொண்டு பாய்ந்து வந்தார். பூட்டைத் தொடவேயில்லை. கொண்டிக்கும் மரத்துக்கும் இடையில் அலவாங்கின் நுனியைக் கொடுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டார். நானும் கணேசனும் சேர்ந்து தொங்கினோம். மரம் கிறீச்சிட்டது. கொண்டி ஆணிகளோடு பிய்ந்து வந்தது. கதவு திறந்தது! ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவராக வந்து விழுந்தார்கள்!

"சுறுக்கா! சுறுக்கா!"

கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினோம். மெஷின் பெட்டியில் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. ஏறின பிறகு ஏழு தலைகளையும் தொட்டுத் தொட்டு எண்ணினது மட்டும் நினைவிருக்கிறது. கிட்டங்கிப் பக்கம் போய், வயல்வெளிக்கு நடுவே மேட்டில் நிறுத்தினார். அங்கே பாதி ஊர் நின்றது. முஸ்லிம்களும் தமிழர்களும் ஓதுகிறவர்கள் ஓதினார்கள், கும்பிடுகிறவர்கள் கும்பிட்டார்கள். எல்லாரும் கிழக்கைப் பார்த்தபடி நின்றோம்.

கடல் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் எச்சரிக்கையை நீக்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அப்போது பார்த்தால் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியின் கையில் விலை ஒட்டுகிற கருவி அப்படியே இருக்கிறது. பயத்தில் அழுத்திக்கொண்டே வந்திருக்கிறாள். மெஷின்காரரின் முதுகெல்லாம் "விசேட கழிவு" என்று மலிவு விற்பனைத் துண்டுகள் ஒட்டியிருந்தன! அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினோம். சிரித்துச் சிரித்து அழுதோம். ஸரீனா என் தோளில் சாய்ந்து, "மிஸ் எங்கள உட்டுட்டுப் போகல்ல, பார்த்தீங்களா?" என்று பக்கத்தில் நின்ற சனத்துக்கெல்லாம் சொன்னாள். நான் மறுபடி ஏழு தலைகளையும் எண்ணத் தொடங்கினேன்.

மறுநாள் காலையிலேயே கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். இரவிரவாகப் பயணம் செய்த முகம். எங்களைக் கீழ்மாடியில் வரிசையாக நிறுத்தினார். கடை திறந்து கிடந்ததில் சாமான் போயிருக்கிறது, கதவை உடைத்திருக்கிறது, விற்பனை வாரத்தில் அரை நாள் போய்விட்டது. இதெல்லாம் எதற்கு? வராத ஒரு கடலுக்கு! சோதனை இல்லாமல் வெளியே போனவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி என்னிடம் ஒரு தாளை நீட்டினார்.

உங்களிடமும் ஒரு நாள் இப்படி யாராவது கேட்பார்கள். "ஒன்றும் நடக்கவில்லையே, பிறகேன் ஓடினீர்கள்?" என்று. அதற்குத் தடுமாறாதீர்கள். அந்த நிமிஷத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். பின்னேரம் தெரியவருவதை முன்னேரமே வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுப்பதில்லை. மறுபடி அந்த நிமிஷம் வந்தாலும் நான் கதவைத் திறப்பேன். ஆனால் அன்று நான் இதைச் சொல்லுமுன் ஸரீனா கேட்டுவிட்டாள்.

"சேர், எங்களப் பூட்டி வைக்கச் சொல்லி ஓடர் போட்டது நீங்கதானே? அதுக்கு யார்ர பேர எழுதுற?"

அதிகாரி கையிலிருந்த கோப்பைத் திருப்பினார். "நாங்கள் அப்படி ஓடர் போடவில்லை. இது இந்தக் கிளையின் யோசனை. உங்கள் மிஸ்ஸைக் கேளுங்கள். பாராட்டுக் கடிதம்கூட அனுப்பியிருக்கிறோம்."

நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின.

"ஓம்," என்றேன். "பூட்டச் சொன்னது நான்தான். கொழும்பு எண்டு உங்களுக்குப் பொய் சொன்னதும் நான்தான்." பிறகு அதிகாரியின் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "பேர் எழுத மாட்டன் சேர். போகச் சொன்னதும் நான்தான்."

ஸரீனா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கடை வாசல் படியில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்ததை அன்றுதான் முதல்முதல் பார்த்தேன். உள்ளே அடைபட்டிருந்த மற்ற ஆறு பேரும் போனார்கள். பிறகு எல்லாரும். கடைசியாக நானும் போய்ப் படியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். யாரும் என்னோடு கதைக்கவில்லை.

அதற்குள் வருஷப் பிறப்புச் சாமான் வாங்கச் சனம் வரத் தொடங்கிவிட்டது. "என்ன, கடை இல்லையா?" என்று கேட்டார்கள். பிள்ளைகள் சொன்னார்கள். வீரமுனையிலிருந்து வந்த ஒரு தாய், கையில் குழந்தையோடு, அதிகாரியை நோக்கிப் போட்டாளே ஒரு சத்தம்!

"கடல் வரக்குள்ள புள்ளைகளப் பூட்டி வெச்சயளா? நீங்க மனிசரா?"

அந்தச் சொல் வீதியில் பரவப் பரவக் கூட்டம் சேர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்தார்கள். முக்காடு போட்ட பெண்கள் வந்தார்கள். பொட்டு வைத்த பெண்கள் வந்தார்கள். ஒருவர்கூடக் கடைக்குள் காலடி வைக்கவில்லை. வருஷத்தின் மிகப் பெரிய விற்பனை நாள், உள்ளே மலிவோ மலிவு, ஒரு சனம் இல்லை! அதிகாரி கண்ணாடிக்கு அப்பால் தொலைபேசியோடு அங்குமிங்கும் நடந்தார். நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லுமுன் வெளியே வந்தார். ஸ்டோருக்கு இனிப் பூட்டு இல்லை, உள்ளே தாழ்ப்பாள் மட்டும். அடைத்த பின்கதவையும் வெட்டித் திறப்பதாகச் சொன்னார். யாருக்கும் தண்டனை இல்லை. வீதியில் கைதட்டல் எழுந்தது. பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

தொலைபேசிப் பெட்டி அப்படியேதான் இருந்தது. உட்காரக்கூடாது என்ற சட்டமும் இருந்தது. எல்லாம் ஒரே நாளில் மாறியதென்று சொன்னால் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும். தண்டனை இல்லை என்றது பிள்ளைகளுக்குத்தான். எனக்குக் கடிதம் வந்தது. மேற்பார்வை போய்விட்டது. இரண்டாம் மாடியில் பீங்கான் பகுதியில் விற்பனைப் பெண். விட்டுவிட்டுப் போக வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை.

நின்றேன். காலையிலிருந்து மாலை வரை நின்றேன். நான் மனப்பாடமாகச் சொன்ன சட்டங்களுக்குள்ளே நின்றேன். ஒரு வாரத்தில் கணுக்கால் இரண்டும் வீங்கின. மூன்றாவது தரம் கழிப்பறைக்குப் போகப் புது மேற்பார்வையாளரிடம் கேட்க வெட்கப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நாளும் உண்டு. என் பக்கத்துப் பகுதியில்தான் ஸரீனா. சாமான் இருக்கிற இடம் கேட்டால் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

நோன்புப் பெருநாள் விற்பனை தொடங்கிய நாள் அது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதை அவள் பார்த்திருக்கவேண்டும். வந்து என் முழங்கையைப் பிடித்து, பீங்கான் அடுக்குகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய இடுக்கு. அதன் முடிவில் கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை. மேலே மடித்து வைத்த பழைய துணி. துணி நன்றாக அழுந்தித் தேய்ந்திருந்தது.

"கடை திறந்த நாள்ல இருந்து இது இஞ்ச இரிக்கி," என்றாள். "ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

நான் கூடையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

"இருங்க மிஸ். நான் முன்னால நிக்கிறன். யாரும் வந்தா இருமுவன்."

நான் மேற்பார்வைக்கு நடந்து வந்த நாளெல்லாம் இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி இருமுகிறார்கள், தூசியாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவள்தான். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.